டஹாபோவின் தராசும் எசெகோனின் மூன்று விரலும்

எசெகோனைப் பற்றி எவனாவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இசியோலோவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எவனுக்கும் அவரைப் பிடிக்காது. எப்படிப் பிடிக்கும்? வண்டிக்காரன் காசும் கையுமாக நிற்கிறான். "ஒண்ணும் வாங்க வேணாம், நட்ட இறுக்கிட்டேன், போயிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறவரை எந்தக் கடைக்காரன் கும்பிடுவான்? அவனவன் வயிற்றெரிச்சல் அவனவனுக்கு.

கைவேலை தெரிந்தவர்களை எங்கள் ஊரில் ஃபுண்டி என்போம். ஃபுண்டி என்ற பெயரில் நூறு பேர் திரிகிறார்கள். ஆனால் வெறுமனே "ஃபுண்டியப் பாத்தியா?" என்று கேட்டால் அது எசெகோனைத்தான் குறிக்கும். வடக்கே ஆடு மேய்க்கும் துர்க்கானா இனத்து ஆள். பஞ்சத்தில் ஆடெல்லாம் செத்துப் போக, பத்தொன்பது வயதில் நடந்தே வந்து, சாலை போடுகிற முகாமில் மண் சுமந்தார். அங்கே லாரிக்கு அடியில் ஜாக்கி நழுவி இடது கையில் இரண்டு விரல் போயிற்று. போன விரலுக்கு முகாமில் கொடுத்தது இரண்டு ஸ்பேனரும், எண்ணெய்க் கறை பிடித்த ஒரு பழைய வண்டி ரிப்பேர்ப் புத்தகமும். "ரெண்டு விரலுக்கு ரெண்டு ஸ்பேனர், கணக்கு சரியாப் போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது வயது அறுபத்து மூன்று. அந்தக் கையில் மீதியிருக்கும் மூன்று விரலை வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடிப்பதை, பத்து விரலும் படமும் மீட்டரும் வைத்திருப்பவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என் பிழைப்பே அந்த மூன்று விரலால் திரும்பி வந்ததுதான்.

நான் ஹலாகே. இருபத்திரண்டு வருஷமாகப் பால்வண்டி ஓட்டுகிறேன். வண்டி என்னுடையதில்லை, பால்காரப் பெண்கள் சங்கத்துடையது. என் மூத்த மகளைவிட வயதில் பெரிய பிக்கப். விடியும்போது குலாமாவே ஊருக்குப் பக்கத்து ஒட்டகப் பட்டிகளில் பாலை ஏற்றி, பத்து மணிக்குள் இசியோலோவில் இறக்க வேண்டும். அங்கிருந்து பால் நைரோபி பஸ் ஏறும். தாமதமானால் புளித்துவிடும். புளித்தால் டஹாபோ அக்கா என்னையும் சேர்த்துக் காய்ச்சிவிடுவார். சங்கத்தின் தலைவி அவர்தான்.

நோன்புக்கு முந்தைய மாதம், ஒரு நாள் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டி ஒரு குழியில் இடது சக்கரம் விழுந்தால் போதும், முன்பக்கமே பேய் பிடித்தது போல ஆடும். ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகும். நான் இசியோலோவில் ஓர் உதிரிபாகக் கடைக்குப் போனேன். முன்சக்கரங்களை இணைக்கும் தண்டில் மாட்டி ஆட்டத்தை அடக்குகிற ஒரு டேம்பரைக் கடைக்காரன் என் தலையில் கட்டினான். புதுசு, பளபள என்றிருந்தது. மாட்டியதும் ஆட்டம் நின்றது. சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எசெகோனிடமும் போகவில்லை. கேட்காமல் வாங்கியதற்குக் கிழி கிழி என்று கிழிப்பார் என்ற பயம்.

மூன்று வாரம் கழித்து, வறண்ட ஓடைக்குச் சற்று முன்னால், இடது சக்கரம் ஒரு பெரிய குழியில் விழுந்து, வண்டி என் கையை மீறிச் சாலையை விட்டிறங்கிக் கவிழ்ந்தது. அறுபது கேன் பால் மண்ணில் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷுக்ரிக்கு வலது கை முறிந்தது. ஷுக்ரி தினமும் என்னோடு வந்து பட்டியில் பாலை முகர்ந்து பார்த்து வாங்குகிறவள். என் தங்கை மாதிரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

அதன்பிறகு என் கை நடுங்கத் தொடங்கியது. டீக் கோப்பையை எடுத்தால் பாதி என் மடியில்தான். என் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான். "ஹலாகேவோட கை போச்சு, வண்டி கவுந்த அன்னைக்கே போயிருக்கு" என்று ஊர் பேசியது. வண்டிக்குத்தான் புது டேம்பர் போட்டாயிற்றே, அப்புறம் என்ன, கோளாறு என் கையில்தான் என்று நானும் நம்பிவிட்டேன். தகரம் தட்டி வண்டியை எடுத்தபின் நாற்பதுக்கு மேல் போகவில்லை. நாற்பதில் அது சாதுவாக வரும்.

பெருநாள் கழிந்த வாரம் டஹாபோ அக்கா நேரிலேயே வந்து சொன்னார். "வெள்ளிக்கிழம தொழுகைக்கு அப்புறம் சங்கக் கூட்டம். கார்பா துலாவுலேர்ந்து வேற டிரைவர் வர்றான். எனக்கு மட்டும் சந்தோஷமா, ஹலாகே? பொம்பளைங்க உன் வண்டில ஏறப் பயப்படுறாங்க."

சாவியைக் கொடுக்கும்முன் வண்டியின் நட்டுகளையாவது இறுக்கிக் கொடுப்போம் என்று புதன்கிழமை எசெகோனிடம் போனேன். பட்டறைக்கு முன்னால் வேலமரத்தடியில் பீன்ஸும் சப்பாத்தியும் தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன், டேம்பர் உட்பட. கிழிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"எவ்ளோ வேகத்துல உதறிச்சு?"

"அறுபது தாண்டினா. குழில இடது சக்கரம் விழுந்தா."

"எப்ப நிக்கும்?"

"வண்டியே நிக்கப் போறப்பதான்."

"நாப்பதுல?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

"அடேய் மடையா, அறுபது தாண்டினாத்தான் நடுங்கணும்னு உன் கைக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?" என்றார். "நாளைக்கு அந்தப் பொம்பளைங்களக் கூட்டிட்டு வா."

"வரமாட்டாங்க."

"வண்டி அவங்களுது. வராம எங்க போவாங்க?"

வியாழக்கிழமை பாலை பஸ்ஸில் ஏற்றியபின் வந்தார்கள். டஹாபோ அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஷுக்ரி கட்டுப் பிரித்த கையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு.

எசெகோன் முதல் வேலையாக என் புது டேம்பரைக் கழற்றி வேலமரத்தடியில் எறிந்தார். "இது வைத்தியம் இல்ல, வாய்ப்பூட்டு. வண்டி கத்துச்சு, நீ வாயக் கட்டிட்ட" என்றார். எனக்குச் சுருக்கென்றது. முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றி என்னை ஓட்டச் சொன்னார். காலி ரோட்டில் அறுபதைத் தொட்டதும் அதே உதறல். "அப்ப டயர் இல்ல" என்று திரும்பி வந்து படுத்தார். என்னை ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, அடியில் ஒவ்வொரு இணைப்பாக அந்த மூன்று விரலை வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. அக்கா ஏதோ முணுமுணுத்தபோது, "தலைவியம்மா, இது உங்க கூட்டம் இல்ல" என்று அடியிலிருந்து குரல் வந்தது. ஷுக்ரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இணைப்புகளில் ஒன்றுமில்லை. ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். டொக் என்று சின்னதாக ஒரு சத்தம்.

"ஷுக்ரி, ஏறி பிரேக்க மிதிம்மா. உனக்குக் கைதான் வலி, கால் நல்லாத்தானே இருக்கு?"

அவள் மிதித்தாள். அவர் மறுபடி அசைத்தார். டொக். "சக்கரத்து பேரிங்னா பிரேக்கப் பிடிச்சதும் சத்தம் அடங்கிரும். இது அடங்கல. கிங்பின்" என்றார். சக்கரம் இடம்வலம் திரும்புவதே அந்தக் கிங்பின்னின் மேலும் கீழும் உள்ள இரண்டு பேரிங்கின்மீதுதான். அவை தளர்ந்தால் சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும்.

"நல்லாருக்கு" என்றார் டஹாபோ அக்கா. "நீங்க ரெண்டு பேரும் இருபது வருஷச் சினேகம். நீ டொக்குன்னு சொல்லுவ, அவன் ஆமான்னு சொல்லுவான். எனக்கு எல்லா டொக்கும் ஒண்ணாத்தான் கேக்குது."

எசெகோன் கோபப்படவில்லை. பட்டறைக்குள் போய் ஒரு தொங்கு தராசை எடுத்து வந்தார். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, அவற்றை இணைக்கும் தண்டையும் விடுவித்தார். பழைய புத்தகத்தைத் திறந்து காட்டினார். கிங்பின்னைத் திருப்பும் இரும்புக் கையில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்தால் கிட்டத்தட்ட நாலு கிலோ வரும்வரை அது அசையக் கூடாது.

"உன் தராசு உன் பேச்சத்தான் கேக்கும்" என்றார் அக்கா. "ஷுக்ரி, நம்ம தராச எடு."

அதைத்தான் எசெகோன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எங்கள் சங்கத்துப் பெண்கள் பாலை அளந்து வாங்க மாட்டார்கள், நுரை ஏமாற்றிவிடும் என்று கேனைத் தராசில் தொங்கவிட்டுத்தான் வாங்குவார்கள். எந்தப் பட்டிக்காரன் சத்தியம் செய்தாலும் அந்த முள்ளைத் தவிர எதையும் நம்ப மாட்டார்கள். அக்கா பையிலிருந்த இரண்டு கிலோ மாவுப் பொட்டலத்தைத் தொங்கவிட்டு முள்ளைச் சரிபார்த்தார். பிறகு தன் கையாலேயே வலது பக்கம் கொக்கியை மாட்டி இழுத்தார்.

"மூணே முக்கால்."

இடது பக்கம் மாட்டினார். இதுவும் சரியாக இருந்துவிட்டால் என் கைதான், வேறு வழியே இல்லை. அக்கா மெல்ல இழுத்தார். முள் கிளம்புவதற்குள் இரும்பு கூடவே வந்துவிட்டது.

"முக்கா கிலோகூட இல்ல" என்றார். மறுபடி இழுத்தார். மாவுப் பொட்டலத்தை மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

எசெகோன் அந்தக் கிங்பின்னைத் திறந்தார். உள்ளே கிரீஸ் பழைய டீ மாதிரி ஓடியது. பேரிங்கின் வளையத்தில் வரிசையாகப் பள்ளம். அவர் அதை என் கையில் கொடுத்தார். வேறு யாருக்கும் காட்டவில்லை. "தடவிப் பாரு. உங்க அப்பனோட வியாதி இதுல எங்க இருக்குன்னு சொல்லு" என்றார்.

புது பேரிங் வாங்க அதே கடைக்குத்தான் போனேன். கடைக்காரன் "டேம்பர் எப்படி?" என்றான். காசை எண்ணி வைத்துப் பேரிங்கை வாங்கி வந்தேன். கிங்பின் மூடிக்கு அடியில் காகிதம் போன்ற தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கப் பிடி இறுகும். எசெகோன் ஒன்றை எடுத்து மூடியை முறுக்குவார், அக்கா இழுப்பார், ஷுக்ரி பட்டியில் கூவுவது போலவே கூவுவாள்.

"ரெண்டு!"

"இன்னும் ஒண்ணு எடு, கஞ்சத்தனம் பண்ணாத" என்பார் அக்கா.

"மூணு!"

"மூணே அரை!"

"நாலு! அக்கா, நாலு!" என்று ஷுக்ரி முறிந்த கையையே தூக்கிவிட்டாள். நாற்பது வருஷம் வேலை செய்தவர், பால்காரப் பெண்கள் இருவர் சொன்ன நாலைக் கேட்டுத்தான் கடைசி நட்டை இறுக்கினார். அந்தப் பணிவு எனக்கு வராது. நான் அவரிடம் மிகவும் பிரமிப்பது அதைத்தான்.

சக்கரங்களை மாட்டியதும் டேம்பரைக் கொண்டுவந்தேன். "வேணாம். இது இல்லாமலே ஓட்டிக் காட்டு" என்றார். அவரும் அக்காவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன்னால் யார் ஏறுவது என்று நான் பார்க்கவே இல்லை, பயம். கதவு திறந்தது. ஷுக்ரி தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஓடைக்குப் போண்ணே."

"வேற பக்கம் போலாமே."

"ஓடைக்குத்தான். அன்னைக்குப் போன மாதிரியே போ."

ஐம்பது. அறுபது. அவள் இடது கையால் முன்கம்பியைப் பிடித்திருந்தாள். அந்தக் குழி தெரிந்தது. எழுபதில், இடது சக்கரத்தை வேண்டுமென்றே அதில் இறக்கினேன். தடால் என்றது. ஸ்டியரிங் ஒரு தரம் துள்ளி, அப்படியே என் கையில் அடங்கியது. வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. நூறு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை.

ஷுக்ரி கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்மேல் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, இன்னும் நடுங்குது" என்றேன்.

"லூசு அண்ணே, நீ அழுவுற" என்றாள்.

மேலே கூரையில் தடதடவென்று அடி விழுந்தது. "ஏன்யா ஹலாகே நிறுத்துன?" என்று டஹாபோ அக்கா கத்தினார். "சனிக்கிழம காலைலயும் இப்படி வழியெல்லாம் நின்னு நின்னு வந்தீன்னா பால் புளிச்சிராதா?"

சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மறுநாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.