நல்லா இருக்கேன் சார்

முதலில் போனது தூக்கம். அப்புறம் பசி. கடைசியில் என் கேலிப்பேச்சு எனக்கே சிரிப்பு மூட்டாமல் போனது. அன்றைக்குத்தான் நோய் முற்றிவிட்டது என்று விளங்கியது.

அப்போது நான் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தேன் (சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருக்கிறானா பார்ப்போம் என்று கோர்ட் வெளியே விட்டு வைப்பது). சந்தையில் ஒரு கைகலப்பு, அதன் வழக்கு. மாதம் ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து வரும் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் சங்கரன்கோவில் தாலுகாவைத் தாண்டக் கூடாது.

இது மனச்சோர்வு (வந்த துக்கம் திரும்பிப் போகாமல் உடம்பிலேயே தங்கிவிடுவது), இதற்கான டாக்டர் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார் என்றார் ஊர் டாக்டர். பாளையங்கோட்டை என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஜெயில். மனசு சரியில்லை என்று அனுமதி கேட்டால், ஆஸ்பத்திரிக்குப் பதில் அங்கே அனுப்பிவிடுவாரோ?

ஆகவே மாதாமாதம் முகம் மழித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, “நல்லா இருக்கேன் சார்” என்பேன். அந்த மாதத்துத் தெம்பு முழுவதும் அதற்கே செலவாகும்.

“அவருகிட்ட சிரிக்குற சிரிப்புல கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டாங்களேன்” என்றாள் மனைவி.

கோமதியம்மன் சன்னதி முன் தரையில் ஒரு சக்கரம் உண்டு. மனம் கலங்கியவர்களை அதில் உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். நாலு புத்தகம் படித்த திமிரில் அதைக் கிண்டல் செய்த என்னை மனைவி ஒருநாள் அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். கண்ணைத் திறந்தால் எதிரே அலுவலர், வேட்டியும் விபூதியுமாக.

பழக்கதோஷம். “நல்லா இருக்கேன் சார்” என்றேன்.

“இங்கன உக்காந்துகிட்டா அண்ணாச்சி?”

மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், என் ஜெயில் பயம் உட்பட. அலுவலர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“முடியலன்னு சொன்னா உள்ள போடுததுக்கா நான் வாரேன்? திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போங்க, அனுமதி நான் தாரேன். ஜெயில் ஸ்டாப்புல இறங்கிராதீங்க.”

மாத்திரை வாயை உலர்த்தியது, பகலில் தூங்க வைத்தது. பல வாரம் வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருமுறை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் மேலநீலிதநல்லூரைத் தாண்டும்போது, எனக்குப் பசித்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதைப் படிக்கும் யாராவது இன்னும் மாதாமாதம் ஓர் அதிகாரி முன் நின்று சிரித்துக்கொண்டிருக்கலாம். அந்த அதிகாரியிடமே உள்ளதைச் சொல்லிப் பாருங்கள். சக்கரம் வரை காத்திருக்க வேண்டாம்.

என் கண்காணிப்பு முடிந்துவிட்டது. முன்பு காலம் ஒரு நடிப்பிலிருந்து அடுத்த நடிப்பு வரை. இப்போது ஒரு பசியிலிருந்து அடுத்த பசி வரை. எப்படி இருக்கீங்க என்று கேட்டால், வயிற்றையும் கைகால்களையும் நேற்றைய தூக்கத்தையும் விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். கேட்டவர் சில சமயம் அதற்குள் போய்விடுகிறார்.