தவிட்டு வண்டி

கார் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. துடைப்பம்தான் எடுத்தோம். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் பல வருஷம் ஓடிய கார் அது. மில்காரர் அதில் மனிதர்களையும் ஏற்றினார், மூட்டைகளையும் ஏற்றினார். பெரும்பாலும் மூட்டைகளைத்தான் ஏற்றியிருக்க வேண்டும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அதை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டை ஒட்டிய காலிமனையில் நிறுத்திவிட்டு இறங்கியபோது அவர் தலை, மீசை, சட்டை எல்லாம் ஒரே தவிடு. கொள்ளிடம் பாலத்தில் வரும்போது புழுக்கமாக இருந்ததென்று ஃபேனைப் போட்டாராம்.

"அக்கா, இது கார் இல்ல. நாலு சக்கரம் வெச்ச தவிட்டு மூட்டை," என்றார் மாமா.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அம்மா முந்தானையைச் செருகிவிட்டால் அதற்கப்புறம் யார் பேச்சும் எடுபடாது. மாமா பேசாமல் போய் குழாயடியில் தலையைக் காட்டினார்.

அப்பா மட்டும் வெளியே வந்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது இருந்த கவலையே அதுதான். மழை பெய்த ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் வழுக்கி, அப்பாவின் இடது கால் முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி நன்றாக நடக்கலாம், ஆபீஸ் போகலாம் என்று டாக்டர் சொல்லி நாளாகியும், அப்பா சன்னலோரக் கட்டிலை விட்டு வருவதில்லை. தடியை ஊன்றிக்கொண்டு குளியலறைக்குப் போவார், திரும்பி வந்து படுத்துக்கொள்வார். டிவி ஓடும், பார்க்கமாட்டார். முன்பெல்லாம் எங்கள் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அப்பாவிடம்தான் வரும். அவர் வேலை பார்த்தது இன்சூரன்ஸ் ஆபீசில் என்றாலும், ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தால்தான் அவர் முகம் தெளியும். விபத்துக்குப் பிறகு வந்த மிக்ஸிகளை, முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அப்புறம் யாரும் கொண்டுவருவதில்லை. எனக்குப் பழைய அப்பா வேண்டும்போல் இருக்கும். அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூட டீச்சரான அம்மா, யாரையும் கேட்காமல் சீட்டுப் பணத்தில் இந்தக் காரை வாங்கினாள்.

"யாரு ஓட்டறதாம்?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் அப்பா.

"ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டுவாங்க," என்றாள் அம்மா.

எங்கள் மூவரில் ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார், கார்தான் அமையவில்லை. அவரோ, "அந்தப் பாலத்துல இனிமே நான் போறதா இல்ல," என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆபீஸோ காவிரிக்கு அந்தப் பக்கம். லீவும் முடியப்போகிறது. வேலையை விட்டுவிடுவாரோ என்று அம்மாவும் மாமாவும் சமையலறையில் ரகசியம் பேசியது என் காதில் விழுந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை மாமா 'வக்கீலம்மா' என்பார். எந்தப் பேச்சிலும் யார் சொன்னது சரி என்று தீர்ப்பாகாமல் நான் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். பொய் யார் சொன்னாலும் எனக்கு ஆகாது. இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்த வாரம் எனக்கு இழைக்கப்பட்ட அநியாயம் புரியும்.

மறுநாள் மாமா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் காரைப் பார்த்துவிட்டு, எல்லாம் சில்லறை வேலைதான், மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து, தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவைத்தாள். டியூப்லைட் மாற்றவே ஆளைக் கூப்பிடுகிற அம்மா, காரில் கைவைக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்புவானேன் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அது புரியவில்லை.

நாங்களே இறங்கினோம். அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புடவையை மாற்றாமல்கூடக் காருக்குள் புகுந்துவிடுவாள். கார் நின்ற இடம் அப்பாவின் சன்னலுக்கு நேர் எதிரே. பின்பக்கம் மதில் சுவரையும் முன்பக்கம் சன்னலையும் பார்த்தபடி காரை நிறுத்தும்படி மாமாவிடம் சொன்னவள் அம்மாதான். நான் பெயின்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, கை நுழையாத சந்துகளிலெல்லாம் தவிட்டைக் கிளறி எடுத்தேன். சீட்டுக்கு அடியில் தவிடு, கதவு இடுக்கில் உமி, கண்ணாடி இறங்குகிற பள்ளத்தில் குருணை. ஒரு சாயங்காலம் முழுக்கக் கூட்டி அள்ளிவிட்டு நிமிர்ந்தால், ஃபேனைப் போட்டதும் மறுபடி முகத்தில் வந்து அப்பும். உடம்பெல்லாம் அரிப்பு. அம்மா தும்முவாள், மூக்கைத் துடைப்பாள், மறுபடி குனிவாள். விடமாட்டாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கியபோது அடியில் பச்சையாக என்னவோ தெரிந்தது. நெல் முளைத்திருந்தது. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஊறி, தவிடே சேறாகி, அதில் விரல் நீளத்துக்கு நாற்று. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதைச் சேற்றோடு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய், அப்பாவின் கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"காருக்குள்ள முளைச்சிருக்குங்க."

அப்பா அந்தத் தட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார். அந்த வீட்டில் அப்பா ஏதோ ஒன்றைத் தானாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அம்மாவுக்கு அது தெரியவில்லையாம். அப்பா சன்னலிலிருந்தே வழி சொன்னார்: முன்கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை இருக்கும், அது அடைத்திருக்கும், பார். அம்மா தேடினாள். வேறெங்கோ பார்த்தாள். "அங்க இல்ல, ஓரத்துல," என்றார் அப்பா. அம்மா இந்த ஓரத்தை விட்டுவிட்டு அந்த ஓரத்துக்குப் போனாள். எனக்கு நின்ற இடத்திலிருந்தே அந்த ஓட்டை தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு குடம் தண்ணீர் கொண்டுவா என்று என்னை உள்ளே விரட்டினாள். நான் திரும்பி வந்தபோது அப்பா தடியை ஊன்றிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் கடுகடுப்பு. உடைந்த குடையின் கம்பியை உள்ளே விட்டு, உமியும், மில்காரர் சமயபுரத்தில் பூஜை போட்டபோது கட்டிய வேப்பிலைச் சருகுமாக ஒரு கைப்பிடி வெளியே இழுத்துப் போட்டார். குடத்துத் தண்ணீரை ஊற்றினோம். உள்ளே போகாமல் நேரே தரைக்கு ஓடியது.

அதிலிருந்து தினம் ஒரு ரிப்பேர் அகப்பட்டது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால்தான் ஹாரன் அடிக்கும். "எதிர்ல ஒருத்தர் வந்தா மொதல்ல இடிக்கப்போற மாதிரி திரும்பி, அப்புறம்தான் அவர்கிட்ட சொல்லணும்," என்றார் மாமா. அப்பா முக்காலியைப் போட்டுக் காருக்கு வெளியே உட்கார்ந்தபடி, கையை மட்டும் உள்ளே நீட்டி அதைச் சரிபண்ணினார். வைப்பர் பாதியில் நின்றது, அதையும் பார்த்தார். பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்கவில்லை என்று அம்மா சொன்னாள். அப்பா கதவோரத்தில் இருந்த ஒரு சின்ன விசையைத் தட்டிவிட்டு, "குழந்தைங்க திறந்துடாம இருக்கப் போடற பூட்டு. இது ரிப்பேரே இல்ல," என்றார். "அப்படியாங்க, எனக்கென்ன தெரியும்," என்றாள் அம்மா.

எல்லாம் செய்தார். டிரைவர் சீட்டில் மட்டும் உட்காரவில்லை. அந்தக் கதவுப் பக்கம் போனால் கால் தானாக நின்றுவிடும். சனிக்கிழமை மத்தியானம், திங்களன்று ஆபீஸ் போகப்போவதில்லை, லீவை நீட்டிக்கக் கேட்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு முக்காலியை எடுத்து உள்ளே வைத்தார். அம்மா சாயங்காலம், இருட்டுக் கட்டுகிற நேரத்தில், முந்தானையைச் செருகிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க, பிரேக் லைட் எரியலன்னு நெனைக்கிறேன். யாராவது உள்ள உக்காந்து மிதிச்சாத்தான் பாக்க முடியும்."

அப்பா தடியோடு வாசல்வரை வந்து நின்றார். மாமா அன்று ஊரில் இல்லை. அப்பா அசையாததைப் பார்த்து, நான் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் ஏறினேன்.

"நீ எறங்கு. உனக்கு எட்டாது," என்றாள் அம்மா.

எட்டாதா? சீட்டின் நுனிக்குச் சறுக்கி வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது காலை நீட்டி ஒரு மிதி மிதித்தேன். நன்றாக எட்டியது. தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். பின்னாலிருந்த மதில் சுவர் இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது. காலை எடுத்தால் அணைந்தது. மிதித்தால் எரிந்தது.

"எரியுதும்மா," என்று கத்தினேன்.

"எரியல," என்றாள் அம்மா.

அந்தச் சிவப்பு அவள் புடவையிலேயே விழுந்திருந்தது. அவள் அதற்குள் நின்றுகொண்டே எரியவில்லை என்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி நேரே அப்பாவிடம் ஓடினேன். எனக்குக் கால் எட்டியதையும், லைட் இரண்டும் எரிந்ததையும், அம்மா வேண்டுமென்றே பொய் சொல்வதையும் மூச்சு விடாமல் சொன்னேன். தண்ணீர் ஓட்டை அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா டிக்கியில் ஒட்டாத எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் கைவிரல் நகத்துக்குள்ளெல்லாம் தவிடு. அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"உனக்கு எட்டாது பாப்பா," என்றார் அப்பா.

தடியை என் கையில் கொடுத்தார். காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தார். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். வலது காலால் பிரேக்கை மிதித்தார்.

"எரியுதாடி?"

"எரியுதுங்க," என்றாள் அம்மா. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். பொய் மாட்டிக்கொண்டதால் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்து, இடது காலால் கிளட்சை மிதித்துப் பார்த்தார். பாதிவரை போய் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசிவரை போகும்வரை அவர் இறங்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்கிற வீட்டில் யாரிடம் முறையிடுவது? அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் என்னை வற்புறுத்தவுமில்லை. சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்றார். அம்மா முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், மடியில் தடியை வைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராஜகோபுரத்தைத் தாண்டினோம். மாம்பழச் சாலை வந்ததும் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. கார் காவிரிப் பாலத்தில் ஏறியது. அம்மா ஆற்றையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. அப்பாவின் இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் போடாமலே எங்கிருந்தோ கொஞ்சம் தவிடு பறந்தது. பாலத்தின் இணைப்பு ஒன்று வரும்போதெல்லாம் அப்பா பிரேக்கை மிதித்தார். கார் ஏறக்குறைய நின்று, தடதடவென்று ஏறி இறங்கி, மறுபடி நகர்ந்தது. அடுத்த இணைப்பிலும் மிதித்தார். அதற்கடுத்ததிலும் மிதித்தார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு வாழைத்தார் லாரி மாட்டிக்கொண்டு, விடாமல் ஹாரன் அடித்தபடி வந்தது. நான் திரும்பி முழங்காலிட்டு, பின்கண்ணாடி வழியாக அந்த டிரைவரைப் பார்த்தேன். எங்கள் பிரேக் லைட் எவ்வளவு நன்றாக எரிகிறது என்பதை முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அக்கரை போனதும் வண்டியை நிறுத்தச் சொல்லி அவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.