ஆலந்தலையில் தூறல், முத்தையாபுரத்தில் ஓட்டம்

காலை ஐந்தே காலுக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். தூத்துக்குடிக்கு அறுபது கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர் இருந்தார். "முன்ன வெயில் மட்டும்தான் அண்ணாச்சி. இப்ப ராத்திரியும் ஆற மாட்டேங்கு. மே மாசத்துல திடீர்னு மழை வேற," என்றார். எங்கள் கரிசல் காட்டில் பகல் எப்படிக் கொளுத்தினாலும் ராத்திரி கொஞ்சம் இரக்கம் காட்டும். கடற்கரை ஊர்களில் அந்த இரக்கம் குறைந்துவருகிறது என்று படித்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. படித்தது உண்மைதான்.

ஏழு மணிக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. பிறகு டவுன் பஸ்ஸில் முத்தையாபுரம். அங்கே என் சிநேகிதர் ஜெபராஜ் உப்பளம் குத்தகைக்கு வைத்திருக்கிறார். நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. எதையும் போனில் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

கண் கூசுகிற வெள்ளை. வரப்பு வரப்பாகப் பாத்திகள். கடைசி ஆறு பாத்திகளில் தண்ணீருக்கு அடியில் உப்பு பாளமாகப் படிந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் உப்புக்கல் தடிக்கும், நல்ல விலை போகும் என்றார் ஜெபராஜ். அதற்குள் ஒரு மழை விழுந்தால் இருபது நாள் வேலை கரைந்துவிடும்.

அங்கே எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். மூத்தவர் பேச்சியம்மாள், ஐம்பது வயது இருக்கும். என் வாய் சும்மா இருக்குமா? உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்று பழமொழியை எடுத்துவிட்டேன்.

"அது விக்கப் போறவன் சொன்னது அண்ணாச்சி," என்றார் பேச்சியம்மாள். "உப்பு வாருறவ சொல்லணும்னா, மழைக்குக் கதவு கிடையாது, வாற வழி உண்டும்பா."

கொட்டகைத் தூணில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கியது, அதில் கல் உப்பு. முன்பெல்லாம் அந்த உப்பு கசிந்தால் இரண்டு நாளில் மழை என்று அர்த்தமாம். இப்போது ராத்திரிப் புழுக்கத்தில் தினமும் கசிகிறது. அதை நம்பினால் தினமும் வார வேண்டியதுதான் என்று சிரித்தார்கள். அதனால் இந்தப் பெண்களே வேறு வழி கண்டிருக்கிறார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் ஆலந்தலையில் செல்வராணி என்று ஒரு மீன் வியாபாரி. தெற்கிலிருந்து மழை வந்தால், முதல் துளிக்கு அவர் போன் போடுவார். பேச்சியம்மாள் வடக்கே தருவைகுளத்து உப்பளத்துக்குச் சொல்லுவார். மழை நடந்து வருவதற்குள் செய்தி ஓடிவிடும்.

ஒன்பது பத்துக்குப் பேச்சியம்மாளின் போன் அடித்தது. கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "மொதலாளி, ஆலந்தலையில கனத்த தூறலாம். ஒரு மணி நேரத்துல இங்கன வந்துரும்."

ஜெபராஜ் தன் போனைப் பார்த்தார். அதில் மழையே இல்லை. போன மாதம் இப்படித்தான் செல்வராணி பேச்சைக் கேட்டு, தடிக்காத இளங்கல்லை வாரினார்கள், மழை கடலுக்குப் போய்விட்டது. வாரிய உப்பு பொடியாகிப் பாதி விலைக்குப் போனது. அதை அவர் மறக்கவில்லை.

"மறுபடியும் ஏமாந்தா?"

"ஏமாந்தா பொடி உப்பு மிஞ்சும். ஏமாறாம நின்னா உப்புத்தண்ணிதான் மிஞ்சும்."

ஜெபராஜ் தெற்கே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை, கொஞ்சம் சாம்பல் நிறம்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "சரி, வாருங்க."

நீண்ட கம்பில் பலகை அடித்த வாருபலகைகள் ஒரே நேரத்தில் பாத்தியில் இறங்கின. அந்தப் பெண்கள் இழுத்த இழுப்பை எப்படிச் சொல்ல? ஒருவர் காலில் ஒருவர் இடிக்கவில்லை, ஒரு பேச்சு இல்லை. ஜெபராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டி தூக்கினார். நானும் தூக்கினேன். என் சட்டியில் பாதிதான் இருந்தது என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தே காலுக்குக் காற்று குளிர்ந்தது. நான்கு பாத்தி உப்பு மேட்டில் ஏறி, தார்ப்பாய் மூடியாகிவிட்டது. ஐந்தாவதில் பாதி வாரும்போது மழை விழுந்தது. மிச்சம் எங்கள் கண்முன்னால் கரைந்தது. பேச்சியம்மாள் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் குனிந்து தருவைகுளத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜெபராஜ் நனைந்தபடி நின்றார். அடுத்த தடவை என்னிடம் கேட்காதே, வாரிவிட்டுச் சொல்லு என்று பேச்சியம்மாளிடம் சொன்னார்.

கிளம்பும்போது பேச்சியம்மாள் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "கோவில்பட்டியா? கோடை மழை மேற்க இருந்தும் வருது. அந்தப் பக்கம் எங்களுக்கு ஆளு இல்ல," என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் தெருவில் மழை. கரிசல்காட்டு ஆட்கள் மழையை விருந்தாளி மாதிரி வாசலில் நின்று வரவேற்போம். நானும் வாசலுக்குத்தான் வந்தேன், போனோடு.

"எந்தப் பக்கம் நகருது?" என்றார் பேச்சியம்மாள்.

"கிழக்க."

நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைப்பதற்கு முன் அவர் குரல் அந்தப் பக்கம் திரும்பியது மட்டும் கேட்டது: "ஏளா, பலகைய எடுங்க."