இலட்சத்து எட்டு

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். கோயிலுக்குப் போவதுண்டு, மனைவியைக் கொண்டுபோய் இறக்கிவிட.

கனடாவில் இருக்கும் எங்கள் மகளுக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை. மூன்றாவது தரம் செய்தி வந்த அன்றே மனைவி மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு நேர்ந்துகொண்டாள். 'ஸ்ரீராமஜயம்' என்று இலட்சம் தரம் எழுதி, அந்தத் தாள்களை மடித்து மாலையாகக் கட்டிச் சாத்துவது. தாளுக்கு நூற்றெட்டு: நான்கு நிரல், நிரலுக்கு இருபத்தேழு. கட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். நம்பாதவன் அடிமட்டம் பிடிக்கக்கூடாது என்று எங்கும் இல்லையே.

ஒரு நாள் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, கடைசித் தாள் நிரம்பி முடியுமோ? அரைகுறையா நிண்டால் மனம் கேளாது."

"முடியாது," என்றேன்.

இலட்சத்தை உடைத்துப் பார்த்தால் இரண்டுகளும் ஐந்துகளும்தான் கிடைக்கும். மருந்துக்கும் ஒரு மூன்று இல்லை. நூற்றெட்டை மூன்றால் மூன்று தரம் வகுக்கலாம். ஆகவே முழுத் தாள்கள் ஒருபோதும் இலட்சத்தில் போய் நிற்கா. தொள்ளாயிரத்து இருபத்தைந்து தாள் நிரம்பும்; அடுத்ததில் எட்டுக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும்.

அவள் முகம் வாடியது. எனக்கோ உற்சாகம் வந்துவிட்டது. அந்த எட்டையும் நிரப்பினால் இலட்சத்து எட்டு. கோயில்களில் பெரிதாகச் சொல்லும் ஆயிரத்தெட்டைக்கூட நூற்றெட்டால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. இலட்சத்து எட்டை முடியும்!

"உது சின்ன விசயமில்லை, தெரியுமோ?"

"அப்ப எட்டுக் கூட எழுதினால் சரி," என்று பேனையை எடுத்தாள். என்னிடம் படித்த பிள்ளைகளும் இப்படித்தான். விடை வந்தால் போதும், வழி வேண்டாம்.

கடைசித் தாள் மிஞ்சியிருந்தபோது, ஒரு காலையில் மருமகன் அழைத்தார். இரத்தம் போகிறதாம், நாளுக்கு முந்தியே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்களாம். மனைவி அழவில்லை. உட்கார்ந்து நூறையும் எழுதி முடித்தாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"நான் நேர்ந்தது இலட்சம். அது முடிஞ்சுது. மிச்ச எட்டும் உங்கடை கணக்கு. நீங்கள் எழுதுங்கோ."

"நான் நம்பாதவன் எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும். எழுதுங்கோ."

எழுதினேன். பயமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? இடையில் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்து, "ஓம் தம்பி... ஓம்..." என்றாள். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகமாம்."

அப்போதுதான் பேனையை வைத்தேன். கடைசிக் கட்டத்துக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, ஒன்பதாவதாக ஒன்று இருந்தது. இலட்சத்து ஒன்பது. நூற்றெட்டால் வகுத்தால் மீதி ஒன்று.

"ஒண்டு கூடிப்போச்சு. வெட்டட்டோ?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"விடுங்கோ. அது நீங்கள் நேர்ந்தது."