அந்தப் புரோட்டீன் முட்டையில் இல்லை

என் கணவர் மலேசியாவில், பீடோரில் லோரி ஓட்டியவர். காலையில் கோப்பிக் கடையில் கிச்சாப் என்கிற சோயா சாஸ் ஊற்றிய இரண்டு அரைவேக்காட்டு முட்டை இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. நுரையீரல் புற்றுநோய்க்கு ஈப்போவில் சிகிச்சை நடந்தது.

ஒருநாள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த தமிழ் டாக்டர், “ஒரு புரோட்டீன் கூடியிருக்கு. நோய் வேகமா போகலாம்” என்றார். இருவரும் தலையாட்டிவிட்டு வந்தோம். டாக்டரிடம் குறுக்குக் கேள்வி கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.

மறுநாளே என் கணவர் முட்டையைத் தள்ளிவைத்தார். “புரோட்டீனைக் குறைச்சா நோயும் அடங்கும் லா” என்றார். மீன், பருப்பு எல்லாவற்றையும் விட்டார். வெறும் கஞ்சிதான். பிழைக்க வேண்டும் என்று அவர் பட்ட ஆசையைப் பார்த்து நானும் தடுக்கவில்லை.

அடுத்த முறை அவர் எடை குறைந்திருந்ததைப் பார்த்து டாக்டர் பதறிவிட்டார். “ஐயோ அக்கா, அது சாப்பாட்டுல வர்றது இல்ல. நோய் எவ்வளவு தீவிரம்னு காட்டுற அடையாளம். அண்ணன் நல்லா சாப்பிடணும்.”

என் கணவர் சிரித்தார். “அப்ப முட்டை சாப்பிடலாமா?”

வீடு வந்ததும் அவித்துக் கொடுத்தேன். ஒரு கரண்டிதான் இறங்கியது. “நாளைக்குச் சாப்பிடுறேன் லா” என்று கிண்ணத்தை மூடச் சொன்னார். அதன்பிறகு அவருக்குப் பசியே எடுக்கவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

நோய்தான் கொண்டுபோனது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் வெறும் கஞ்சியோடு போனவை, அவர் ஆசையாய் முட்டை சாப்பிட்டிருக்க வேண்டிய காலைகள்.

இப்போது யாரோடு மருத்துவமனைக்குப் போனாலும், “இதுக்கு வீட்டுல நாங்க என்ன செய்யணும்?” என்று கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை. கேட்கக் கூச்சம் வந்தால், மூடிவைத்த அந்தக் கிண்ணம் நினைவுக்கு வரும்.

— ஒரு வாசகி, பீடோர்