பதினெட்டு போல்ட்டுகளின் அச்சம்

க்ளாரி டிரெசைஸ் வியாழக்கிழமைதோறும் தபால் வண்டி ஓட்டுபவர். தெற்கு ஆஸ்திரேலியாவில் இருப்புப்பாதை முடியும் ஊரிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி, கற்பாலை நடுவே இருநூற்றெழுபது கிலோமீட்டர் வரை சிதறிக் கிடக்கும் மாட்டுப் பண்ணைகளுக்குக் கடிதமும் ரொட்டியும் மருந்தும் கொண்டுபோவார். பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பாதையில் அவர் எதற்கும் அஞ்சியதில்லை. கடந்த ஜனவரிக்குப் பிறகு பதினெட்டு போல்ட்டுகளுக்கு அஞ்சத் தொடங்கினார்.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டை, அதாவது ஆயில் பானை, பிடித்திருக்கும் போல்ட்டுகள் அவை. சலவைப் பலகைபோல் அலையலையாக மேடிட்ட பாதையின் அதிர்வில் அவை தளர்ந்து, எண்ணெய் சொட்டிச் சொட்டி வற்றியது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததை வெயிலின் கூச்சத்தில் அவர் கவனிக்கவில்லை. எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அன்று உடன் வந்திருந்த மனைவி நோலாவும் அவரும் இரண்டு பகல் வண்டியின் அடிநிழலில் படுத்துக் கிடந்தார்கள். மாடு தேடி வந்த ஒருவர் அவர்களைக் கண்டபோது அரைக் குவளை தண்ணீர் மிச்சமிருந்தது.

புது எஞ்சின் வந்தது, அச்சம் போகவில்லை. பண்ணை எல்லைக் கதவு ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, அடியில் ஊர்ந்து, பதினெட்டையும் முறுக்கினார். அப்படியும் வாரந்தோறும் எண்ணெய் கசிந்தது. கசிவைக் கண்டால் அச்சம் கூடும். அச்சம் கூடினால் முறுக்கு கூடும்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, கசிவு தாங்காமல், பெவ் குருஸ்கே என்ற பெண்மணியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். பெவ் ஆயில் பானைக் கழற்றி, ஒரு தட்டையான இரும்புப் பலகையில் கவிழ்த்து வைத்தார். அது பலகையில் படியாமல் ஆடியது. துளைகளைச் சுற்றி விளிம்பு குழி குழியாக வளைந்திருந்தது.

"யோவ் க்ளாரி, இது ஆயில் பானா, கேக் சுடற தட்டா?"

"கழண்டுச்சு, இறுக்கினேன்."

"இறுக்கினதாலதான்யா கழண்டுச்சு. நீ முறுக்க முறுக்க, பானுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கசியாம அடைக்கற தக்கை பிதுங்கி வெளிய வந்துடுது. அப்புறம் போல்ட்டு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? ஆமா, என்ன வேகத்துல போற?"

க்ளாரி தரையைப் பார்த்தார். "நாப்பது."

"நாப்பதா? எம்பதுல போனா வண்டி மேட்டு உச்சியிலயே தாவிப் போயிடும்னு என் நாய்க்குக்கூடத் தெரியுமே. நாப்பதுல போறவன் ஒவ்வொரு குழியிலயும் எறங்கி ஏறறான். அந்த உதறலுக்கு உன் பல்லே கழண்டுடும்."

ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவரே க்ளாரிதான். மனம் மறக்கவில்லை, கால்தான் அழுத்த மறுத்தது.

பெவ் விளிம்பைச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்தார். புதுத் தக்கை வைத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் கோத்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, குறுக்கும் மறுக்குமாக, மூன்று சுற்றில் சிறுகச் சிறுக இறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி சரிபார்த்தார். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பானின் மேல் வரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்.

"கோடு ஒடைஞ்சிருந்தா போல்ட்டு அசைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒடையலன்னா கை வைக்காத. ஸ்பேனர் நோலாகிட்ட இருக்கட்டும்."

மறுநாள் நோலா வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு வர்ற?"

"உன் சேதி வருமான்னு வீட்டுல ரேடியோ பக்கத்துல உக்காந்து சாகறதுக்குப் பதிலா, உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அறுபதில் வண்டி எலும்பு எலும்பாக உதறியது. எண்பதைத் தொட்டதும் உதறல் அடங்கி ஒரே ரீங்காரமாயிற்று. ஆறாவது கதவருகே எண்ணெய் கருகும் நாற்றம் வந்தது. க்ளாரி வண்டியை நிறுத்தினார். அடியில் ஊர்ந்தார். பின்வரிசையில் ஒரு போல்ட் நனைந்திருந்தது.

"ஸ்பேனரைக் குடு."

"கோடு ஒடைஞ்சிருக்கா?"

"இல்ல. ஆனா ஈரமா இருக்கு."

"அப்ப குடுக்க மாட்டேன். தொடைச்சிட்டுப் பாரு."

அவர் துணியால் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே படுத்திருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒவ்வொரு நிழலும் அவருக்கு எண்ணெயாகத் தெரிந்தது. மறுபடி துடைத்தபோது துணி உலர்ந்தே வந்தது. வண்டியின் சட்டத்தில் தேங்கியிருந்த பழைய எண்ணெய்தான் வழிந்து, சூட்டில் கருகியிருந்தது.

அடுத்த பதினோரு கிலோமீட்டரில், ஜனவரியில் அவர்கள் கிடந்த இடம். அங்கே நாற்பதுக்கு இறங்கிவிடவே அவர் கால் துடித்தது. நோலா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"தாண்டினதும் சொல்லு."

வேகமானியின் முள் எண்பதிலேயே நின்றது. வறண்ட ஓடையும் ஒற்றை மரமும் வந்து, பின்னால் போயின.  க்ளாரி ஸ்டீயரிங்கிலிருந்து இடக்கையை எடுத்து நோலாவின் முழங்காலில் ஒருமுறை தட்டினார்.