வலப்பக்கத்து மைக்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படியின் அடியில், ஆறடிக்கு எட்டடியில் அவர் கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், ஒரே நாற்காலி. கேசட்டிலும் குறுந்தட்டிலும் வரும் பாட்டையும் படத்தையும் சட்டைப்பையில் அடங்கும் பிளேயரில் ஓடும்படி மாற்றித் தருவது தொழில். அதனால் தெருவே அவரைக் கன்வர்ட்டர் என்றது. மணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். அக்காவின் கணவர் பேருந்துக் கண்டக்டர்.

கடையில் பேச்சுக்குக் குறைவில்லை.

"என்னண்ணே, படத்துல ஹீரோ ஒல்லியாயிட்டாரு?"

"பிளேயர் சின்னதுல்ல, டயட்ல இருக்காரு. வச்சுட்டுப் போங்க, திரும்பவும் மாத்தி வைக்கிறேன்."

அவர் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாட்டு என்றால் இரு பக்க ஒலியையும் வைப்பார். வெறும் பேச்சு என்றால் இடப்பக்கத்தை மட்டும் எடுப்பார். பாதி இடம் மிச்சமாகும். பேச்சில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பது அவர் கணக்கு. அது பொய்த்ததும் இல்லை. மாற்றி முடித்து, முதல் பத்து நொடி கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றிய மூலத்தை அழித்துவிடுவார். டிஸ்கில் இடம் போதாது.

கண்டக்டருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். அறுவைக்கு இரண்டு நாள் முன்பு அக்கா தம்பியிடம் வந்தாள்.

"அவர் குரல எனக்கு எடுத்து வச்சுக் குடுடா. பாட்டெல்லாம் வேணாம். சும்மா பேசினாப் போதும்."

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் ஒரு ரெக்கார்டரும் சட்டையில் குத்தும் இரண்டு மைக்கும் இரவல் வாங்கினார். ஒன்றை அக்காவுக்கும் மற்றதை அத்தானுக்கும் குத்தினார். அக்கா கேட்க, கண்டக்டர் கரகரத்த குரலில் சொல்ல, முக்கால் மணி நேரம் ஓடியது. அக்காவின் பிளேயரில் ஏற்கெனவே பாட்டு நிறைந்திருந்தது. மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவரோ ஆத்திரப்படவில்லை, என்றும் போல நிதானமாகவே செய்தார். முதல் பத்து நொடியில் அக்கா, "எங்க, மொத மொதல்ல என்னைப் பார்த்ததச் சொல்லுங்க" என்பது தெளிவாகக் கேட்டது. மூலத்தை அழித்தார். ரெக்கார்டரில் இருந்ததையும் அழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், மருத்துவமனை வராந்தாவில் அக்கா காதிலிருந்து ஒயரைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இதுல நான் மட்டும்தாண்டா பேசுறேன்."

கேட்டார். அக்கா கேள்வி கேட்கிறாள். பிறகு பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல ஒரு முணுமுணுப்பு. மறுபடி அக்கா சிரிக்கிறாள். ஒவ்வொரு மைக்கும் ஒரு பக்கமாகப் பதிந்திருக்கிறது. வலப்பக்கம் முழுவதும் அத்தான்; அவர் எடுத்து வைத்ததோ இடப்பக்கம் மட்டும். கடைக்கு ஓடி, அழித்ததை மீட்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் அதற்குள் வேறொருவரின் படம் ஏறியிருந்தது. முணுமுணுப்பைக் கூட்டிப் பார்த்தார்; இரைச்சல்தான் கூடியது.

"நான் என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியாதாடா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

அத்தானின் கட்டிலருகே நின்று அவர் நடந்ததைச் சொன்னார். கண்டக்டர் நோட்டை வாங்கி எழுதிக் காட்டினார்: "முப்பது வருஷமா அவதான் பேசுறா, நான் சும்மா இருக்கேன். பதிவு சரியாத்தான் வந்திருக்கு மாப்ளே."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து முந்தானைக்குள் போனது.

அதன்பின் கன்வர்ட்டர் எவருடைய மூலத்தையும் அழிக்கவில்லை. முழுதும் கேட்காமல் எதையும் கொடுக்கவுமில்லை. மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் யார் நிற்பார்கள்? வாடிக்கை கரைந்தது. பிறகு எதையும் மாற்றாமலே ஓட்டும் போன்கள் வந்தன, கடையைப் பூட்டினார்.

வீட்டில் அக்கா சில பிற்பகல்களில் பிளேயரைச் சிறு ஸ்பீக்கரில் போடுவாள். அவள் கேள்வி முடிந்து இடைவெளி வரும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் உதட்டை அசைத்துப் பதில் சொல்வார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி பின்னறையிலிருந்து வெளியே வரமாட்டார்.

கண்டக்டர் இறந்த பிறகு அந்தப் பதிவு ஒலிக்கவில்லை. குரல் போனபின் அவர் உயிரோடிருந்தது ஆறு ஆண்டு, நான்கு மாதம்.